மூன்றரை மணித்தியாலம் தாராளமாக இருத்தி வையுங்கள்

கேள்வி: உவர்மலையில் எங்கள் வீட்டில் கூட்டாளிமார் சேர்ந்து மாதத்துக்கு ஒரு படம் பார்ப்போம். இந்த முறை மைக்கல் சிமினோ இயக்கிய அமெரிக்கப் படம் 'ஹெவன்ஸ் கேட்' போடலாம் என்றேன். "கம்பெனியையே கவிழ்த்த படமெல்லோ" என்று சிரிக்கிறார்கள். எனக்கோ அது கண்ணை விட்டுப் போகவில்லை. என் ரசனைதான் பிழையா?
- ஒரு வாசகர், திருகோணமலை

பதில்: இல்லை தம்பி. கூட்டாளிமார் படத்தின் கணக்குவழக்கைக் கதைக்கிறார்கள். படத்தை அவர்கள் இன்னும் பார்க்கவில்லை.

கணக்கு மோசம்தான். முந்தைய படமான 'டியர் ஹண்டர்' ஐந்து ஒஸ்கார் வாங்கிய சூட்டோடு சிமினோ தொடங்கிய படம் இது. செலவு 4 கோடி 40 லட்சம் டொலர் அளவில். அமெரிக்காவில் வசூல் 35 லட்சம் அளவில். 1980 நவம்பரில் நியூயோர்க்கில் வெளியிட்டார்கள். விமர்சகர்கள் கிழித்ததும் ஒரு கிழமைக்குள் திரும்ப எடுத்து, 219 நிமிடத்தை 149 ஆக வெட்டி மறுவருடம் விட்டார்கள். அதுவும் ஓடவில்லை. படத்துக்குக் காசு போட்ட யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனம் 1981 இல் எம்.ஜி.எம். என்ற இன்னொரு பட நிறுவனத்தின் கைக்குப் போனது. அந்த நட்டத்தின் கதைதான் இன்றைக்கும் படத்துக்கு முன்னால் ஓடிவருகிறது.

சரி, படத்துக்கு வருவோம். குடியேறிய ஏழைகள் ஒரு பெரிய மண்டபத்தில் சில்லுச் சப்பாத்துப் போட்டு ஆடும் இடத்தைத் திரும்பப் பாருங்கள். ஒரு இளைஞன் வயலினை வாசித்தபடியே தனியாக வழுக்கிக்கொண்டு சுற்றுகிறான் (படத்துக்கு இசையமைத்த டேவிட் மேன்ஸ்ஃபீல்ட்தான் அவர்). பிறகு ஊரே இறங்குகிறது. அப்புறம் எல்லோரும் போய்விட, இரண்டே பேர் ஆடுகிறார்கள். வில்மோஸ் சிக்மண்டின் கமெரா தூசியையும் புகையையும்கூட வெளிச்சமாக்கிவிடுகிறது. தொடக்கத்தில் ஹார்வர்ட் மாணவர்கள் வட்டமாக ஆடுகிறார்கள், நடுவில் இந்த வட்டம், கடைசிச் சண்டையில் குதிரைகள் புழுதிக்குள் வட்டமாய்ச் சுற்றுகின்றன. இந்த அழகு வெறும் சோடனையென்று சொல்பவர்கள் இதைக் கவனிக்கவில்லை.

அதே மண்டபத்தில்தான் பிறகு கொலைப் பட்டியல் வாசிக்கப்படுகிறது. 1892 இல் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்துப் பெரிய மாட்டுப் பண்ணைக்காரர்கள் டெக்சாசிலிருந்து கூலிக்குத் துப்பாக்கிக்காரரைக் கூட்டி வந்தது உண்மைச் சம்பவம். படத்தில் அவர்கள் கொல்ல நினைக்கும் குடியேறிகள் 125 பேர். ஒவ்வொரு பெயராக வாசிக்க வாசிக்க, முன்னால் நிற்பவர்களின் முகத்தைப் பாருங்கள். பட்டியலில் பெயர் வந்தால் என்னவாகும் என்று எங்கள் பக்கத்து ஆக்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. இந்தப் படத்தைத் திருகோணமலையில் போட வேண்டும் என்று நான் சொல்வதற்கு இது ஒன்றே போதும்.

குறைகளை மறைக்க வேண்டாம். ஹார்வர்ட் பகுதி நீளம்தான். சனச் சத்தத்துக்குள் பாதி வசனம் அமிழ்ந்துபோகிறது. வரலாற்றையும் இஷ்டத்துக்கு வளைத்திருக்கிறார்: படத்தின் முக்கிய பாத்திரங்களான எல்லா வாட்சன் என்ற பெண்ணையும் ஜிம் அவரெல் என்ற ஆணையும் நிஜத்தில் 1889 இலேயே தூக்கிலிட்டுக் கொன்றுவிட்டார்கள். சேவல் சண்டை உண்மையாகவே நடத்தி எடுத்தது. விலங்குகளை நடத்திய விதத்தை என்னால் நியாயப்படுத்த முடியாது. இவ்வளவும் இருந்தும் இது பெரிய படம் என்றே சொல்வேன். 2015 இல் பிபிசி விமர்சகர்களிடம் கேட்டுத் தொகுத்த நூறு சிறந்த அமெரிக்கப் படங்களில் இதுவும் 98 ஆவதாக இருக்கிறது.

2012 இல் வெனிஸ் விழாவில் காட்டிய, சிமினோவே மேற்பார்த்துச் சீர்செய்த 216 நிமிடப் பிரதியைத் தேடி எடுங்கள். பழைய மண்ணிறச் சாயம் போய், புல்லும் வானமும் தெளிவாகத் தெரியும். மடிக்கணினியில் வேண்டாம், புரொஜெக்டர் ஒன்றை இரவல் வாங்கி, இருட்டின பிறகு சுவரில் போடுங்கள். வசன வரிகள் கட்டாயம். மண்டபத்து ஆட்டம் முடிந்ததும் தேத்தண்ணிக்கு நிறுத்தலாம். பாலியல் வன்முறைக் காட்சி இருக்கிறது, சின்னப் பிள்ளைகளை இருத்த வேண்டாம். தொடங்குமுன் நட்டக் கதையை எடுக்கவே விடாதீர்கள். படம் முடிந்தபிறகு விடியும்வரை கதைக்கட்டும்.