முப்பது சதவீதம் என்றால் உரிமை இல்லையா?

கேள்வி: என் மகள் மேலூர் பக்கம் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். மூளை முடக்குவாதத்தால் பிறவியிலிருந்தே வலது கையில் இறுக்கம், நடையிலும் சிரமம். விடையெல்லாம் தெரியும், எழுதி முடிக்கத்தான் நேரம் போதவில்லை. வகுப்பு இரண்டாம் மாடியில். மாற்றுத்திறனாளிச் சான்றிதழில் பாதிப்பு 30 சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள். பிரின்சிபாலோ, "நாற்பது இருந்தால்தான் சலுகை, பேசாமல் சிறப்புப் பள்ளியில் சேருங்கள்" என்கிறார். எதிர்த்துப் பேசினால் டீசியைக் கையில் கொடுத்துவிடுவார்களோ என்று என் கணவர் பயப்படுகிறார்.
– ஒரு தாய், மேலூர்

அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்த நாற்பதைப் பார்த்துவிடுவோம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அந்த எண் இருப்பது உண்மைதான். வேலையில் இடஒதுக்கீடு போன்றவற்றுக்கு அது வேண்டும். ஆனால் வகுப்பறையில் ஒரு பிள்ளைக்குத் தேவையான சின்னச் சின்ன மாற்றங்களைச் செய்து தருவதற்கு அந்தச் சட்டம் சதவீதக் கணக்கு எதுவும் வைக்கவில்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வது பிரின்சிபால் மட்டுமில்லை, அலுவலகங்களிலும் நடக்கிறது.

இதே குழப்பம் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. விகாஷ் குமார் என்பவருக்கு எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோய். நாற்பது சதவீதம் இல்லை என்று சொல்லி, சிவில் சர்வீஸ் தேர்வில் அவருக்கு எழுத்தர், அதாவது சொல்லச் சொல்ல விடையை எழுதித் தருபவர், தர மறுத்தார்கள். அது தவறு என்று 2021 பிப்ரவரியில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் மகளின் கைக்கும் அந்தத் தீர்ப்பு பேசும்.

'தனியார் பள்ளியாயிற்றே' என்பீர்கள். அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி எதுவானாலும் அந்தச் சட்டத்தின் 16-ஆம் பிரிவுக்குள் வரும். பாகுபாடு காட்டாமல் சேர்க்க வேண்டும், பிள்ளைக்கு ஏற்ற வசதி செய்ய வேண்டும். பள்ளியால் தாங்க முடியாத செலவு என்றால் சட்டமே விலக்குத் தருகிறது. ஆனால் ஒன்பதாம் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு இறக்க என்ன செலவு? நாலு பெஞ்சைத் தூக்கிப் போடும் வேலை.

டீசி பயம் எனக்குப் புரிகிறது. அதற்காகத்தான் சொல்கிறேன், வாய்ப்பேச்சு வேண்டாம். ஒரு வெள்ளைத்தாளில் தமிழிலேயே எழுதுங்கள்: வகுப்பு கீழே வேண்டும், பள்ளித் தேர்வுகளில் கூடுதல் நேரம் வேண்டும், தேவைப்பட்டால் எழுத்தர் வேண்டும். சான்றிதழ் நகலையும் 'இந்தக் கையால் வேகமாக எழுத இயலாது' என்ற மருத்துவர் குறிப்பையும் இணையுங்கள். பெரியாஸ்பத்திரியில் காட்டி வாங்கினால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபால். எழுத்தில் ஒரு காகிதம் உள்ளே போய்விட்டால், காரணமில்லாமல் டீசி கொடுக்கப் பள்ளியே யோசிக்கும். சட்டத்தை மீறினால் முதல் முறை பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. அதை முதல் கடிதத்திலேயே எழுதிவிடாதீர்கள், பேச்சு முறிந்துவிடும்.

இந்த வருஷமே தொடங்கச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளுக்குப் பள்ளி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அதோடு, எழுத்தர் கிடைத்தால் மட்டும் போதாது, பழக்கமும் வேண்டும். என் உறவுக்காரப் பையன் ஒருவன் பழகாமலே போய், கணக்குத் தேர்வில் 'இதை அதால் வகு' என்று சொல்ல, எழுத்தர் பாவம் தலைகீழாக எழுதிவிட்டார். படம் வரையச் சொல்வது, அடைப்புக்குறி எங்கே என்று சொல்வது எல்லாம் தனிக் கலை. வீட்டில் யாரையாவது உட்காரவைத்து வாரம் ஒரு தேர்வு எழுதிப் பார்க்கட்டும்.

சிறப்புப் பள்ளி பேச்சுக்கு 'வேண்டாம் சார்' என்ற ஒரு வார்த்தை போதும்.

பதினைந்து நாளில் பதில் வரவில்லையென்றால் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் மனு கொடுங்கள். அப்புறமும் அசையவில்லையென்றால் சென்னையில் மாநில ஆணையர் இருக்கிறார். வக்கீல் தேவைப்பட்டால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகவே கிடைப்பார். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளுக்குப் போவதென்றால் மேலூரிலிருந்து காலையிலேயே பஸ் ஏறிவிடுங்கள். மனுவுக்குத் தரும் ரசீதை அங்கேயே போனில் போட்டோ எடுத்து வையுங்கள்.