மண்ணை வாயில் வைக்கும் மகனும் சுவரோரத் தோட்டமும்

கேள்வி: எங்கள் வீடு ஐம்பது வருடத்துக்கு மேல் பழையது. வெளிச்சுவர் பெயிண்ட் பொரிந்து உதிர்கிறது. அதை ஒட்டித்தான் கீரை, கேரட், தக்காளி போட்டிருக்கிறேன். மண்ணில் ஈயம் இருக்கலாம் என்று ஒருவர் சொன்னதிலிருந்து பயமாக இருக்கிறது. இரண்டு வயது மகன் அங்கேதான் விளையாடுகிறான், மண்ணையும் வாயில் வைக்கிறான். தோட்டத்தை அழித்துவிடட்டுமா?

பதில்: அழிக்க வேண்டாம். ஆனால் பையனை இன்றே அந்தச் சுவரோரத்திலிருந்து தள்ளி வையுங்கள். கேரட்டையும் கீரையையும் விட என்னை உறுத்தியது, போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்த ஒரு வரிதான்: மண்ணையும் வாயில் வைக்கிறான்.

ஈயம் மட்கிப் போகாது. என்றோ உதிர்ந்த பெயிண்டில் இருந்தது மேல்மண்ணிலேயே தங்கிவிடும். ஈரமான பிஞ்சு விரல் அதில் ஒருமுறை பட்டாலே போதும், நகக்கண் வரை தூசி அப்பிக்கொள்ளும். அது நேராக வாய்க்குப் போகிறது. விழுங்கிய ஈயத்தில் பெரியவர்கள் உடம்பில் சேருவது பத்தில் ஒரு பங்கு அளவுதான். சிறு குழந்தைகளுக்குப் பாதிவரை சேரலாம். வளரும் மூளையைத்தான் அது முதலில் தாக்கும். பெரும்பாலும் வெளியே எந்த அறிகுறியும் தெரியாது.

அதனால் ரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்த்துவிடுங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்குக் கீழே இருந்தால் கவலையில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை. கூடவே இரும்புச்சத்தையும் பாருங்கள். மண் தின்னும் பழக்கத்துக்குப் பின்னால் பல நேரம் இரும்புச்சத்துக் குறைவு இருக்கும், அந்தக் குறைவே ஈயத்தை உடம்பில் அதிகம் சேரவும் விடும். இந்தச் சுழற்சியை நாம் அடிக்கடி கவனிக்கத் தவறுகிறோம்.

சரி, காய்கறிக்கு வருவோம். தக்காளிப் பழத்துக்குள் போகும் ஈயம் மிகக் குறைவு, நன்றாகக் கழுவிச் சாப்பிடலாம். கீரையில் பெரும்பாலும் இலையில் படிந்த மண்தான் பிரச்சினை. கேரட்டில் உள்ளேயும் சேரும். வேகவைத்தாலும் ஈயம் போகாது. மண்ணைச் சோதித்து முடிவு தெரியும்வரை கீரையையும் கேரட்டையும் நிறுத்திவையுங்கள். சோதனைக்குச் சுவரடியில் ஒன்று, தள்ளி ஒன்று என்று மேல்மண்ணைத் தனித்தனியாக எடுங்கள். அளவு பெரிதும் மாறும். பொதுவாக ஒரு கிலோ மண்ணில் 10 முதல் 50 மில்லிகிராம் ஈயம் இயற்கையாகவே இருக்கும். நூற்றுக்கணக்கில் வந்தால் அந்த மண்ணில் எதுவும் போடாமல், வெளியிலிருந்து சுத்தமான மண் கொண்டுவந்து சுவரை விட்டுத் தள்ளி உயரப் பாத்தி கட்டுங்கள். வெறும் மண்ணாகக் கிடக்கும் இடத்தைப் புல்லாலோ மரத்தூளாலோ மூடிவிடுங்கள். செருப்பு வாசலோடு நிற்கட்டும். தரையை ஈரத்துணியால் துடையுங்கள், பெருக்கினால் தூசி எழும்பும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். உப்புத்தாள் வைத்துப் பெயிண்டை நீங்களே தேய்த்து எடுக்க வேண்டாம். இப்போது சுவரில் இருக்கும் ஈயம் முழுக்கத் தூளாகி வீட்டுக்குள் வந்துவிடும். ஈயப் பெயிண்ட் எடுக்கத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். வேலை நடக்கும் நாட்களில் பையனும், வீட்டில் கர்ப்பிணி யாராவது இருந்தால் அவரும், வேறு இடத்தில் இருக்கட்டும்.