ஆறு பெட்டை நாற்பத்தொன்றாகிவிட்டது: மலை வீட்டில் எத்தனை கோழி வைக்கலாம்?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்களுக்கு முக்கால் ஏக்கர் தேயிலையும், வீட்டை ஒட்டி கேரட், பீன்ஸ் போடும் சிறு நிலமும் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் 6 நாட்டுப் பெட்டையும் 1 சேவலும் வாங்கி விட்டோம். இப்போது எண்ணினால் 41 நிற்கிறது: பழைய பெட்டை 6, சேவல் 1, விடைக்கோழி (இன்னும் முட்டைக்கு வராத இளம்பெட்டை) 9, இளஞ்சேவல் 13, ஒன்றரை மாதக் குஞ்சு 12. கொட்டகை 8 அடிக்கு 6 அடி. தீவனம் வாங்கி மாளவில்லை. முட்டையோ அன்றைக்கும் இன்றைக்கும் நாளுக்கு மூன்று நான்குதான். போன ஐப்பசி மழையில் ஒரே வாரத்தில் நிறையக் குஞ்சுகள் செத்துப்போயின. அதனால் இந்தப் புரட்டாசியில் கூடுதலாகவே அடை வைத்துவிடலாம் என்று நினைக்கிறோம். மூன்று கோழிகள் அடைக்கு உட்கார்ந்திருக்கின்றன. எத்தனை முட்டை வைக்கலாம், மொத்தம் எத்தனை கோழி வைத்துக்கொள்ளலாம் ஐயா?

பதில்: மூன்றில் ஒன்றைக்கூட இப்போது அடை வைக்க வேண்டாம். இன்று வைத்தால் 21 நாளில், ஐப்பசி அடைமழை பிடிக்கும் நேரத்தில் குஞ்சு இறங்கும். போன வருடம் இழந்ததையே மறுபடி இழப்பீர்கள். உங்கள் கொட்டகைக்கு வளர்ந்த கோழி 20 சரியான அளவு. 24 கடைசி எல்லை.

முதலில், கூட்டம் எப்படிப் பெருகியது என்று பார்ப்போம். நாட்டுக்கோழி ஓர் ஈட்டுக்கு 12 முதல் 15 முட்டை வரை இடும். அதற்கு மூன்று, நான்கு வாரம் ஆகும். பிறகு 21 நாள் அடை. பிறகு இரண்டு, இரண்டரை மாதம் குஞ்சோடு மேய்ச்சல். ஆக ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ நான்கு மாதம். வருடத்துக்கு மூன்று சுற்று. ஆறு பெட்டைகளும் வருடத்தில் இரண்டு முறை மட்டும், தலைக்குப் பத்து முட்டை வைத்து அடை காத்தாலே 120 முட்டை ஆகிறது. பத்துக்கு எட்டு பொரித்தால் 96 குஞ்சு. அதில் பாதி செத்தாலும் 48 மிஞ்சும். அந்த 48-இல் சரிபாதி சேவல். விற்றதும் வீட்டில் அறுத்ததும் போக 41 நிற்பதில் ஆச்சரியம் இல்லை.

முட்டை ஏன் கூடவில்லை என்பதற்கும் இந்தக் கணக்கிலேயே விடை இருக்கிறது. நான்கு மாதச் சுற்றில் கோழி முட்டையிடுவது ஒரு மாதத்துக்கும் குறைவு. எந்த நாளில் பார்த்தாலும் உங்கள் ஆறில் நான்கு அடையிலோ குஞ்சோடோதான் இருக்கும். விடைக்கோழிகள் ஆறு, ஏழு மாதத்தில்தான் முட்டைக்கு வரும். வந்தாலும் நெருக்கடியில் 13 இளஞ்சேவல்கள் துரத்தித் துரத்தித் தீவனத் தட்டை அண்டவிடாது. முட்டையிடப் பெட்டி கிடைக்காமல் தேயிலைச் செடியடியில் இட்டுவிட்டு வரும். மொத்தம் 15 பெட்டைகளுக்கு மூன்று, நான்கு பெட்டிகளாவது வேண்டும். ஒவ்வொன்றும் நீளம், அகலம், உயரம் ஒரு அடி. உள்ளே காய்ந்த புல்.

ஆனால் உண்மையில் கூட்டத்தைப் பெருக்குவது பயம். குஞ்சு சாகிறது; அதை ஈடுகட்ட இன்னும் இரண்டு அடை வைக்கிறோம். குஞ்சு கூடக் கூடக் கொட்டகை நெரிகிறது, கூளம் ஈரமாகிறது. ஈரத்தில் இன்னும் அதிகமாகச் சாகிறது. உடனே இன்னும் அடை. மலையில் பல வீடுகளில் நடப்பது இதுதான். இந்தச் சுற்றை அறுக்கக்கூடிய இடம் ஒன்றே: எந்தக் கோழியின் கீழ் முட்டை வைப்பது என்ற முடிவு. அது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது.

20 என்று எப்படிச் சொல்கிறேன்? மலையில் தோட்டத்தின் பரப்பை வைத்துக் கோழியை எண்ணக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் விடாது பெய்யும்போது பகலிலும் கோழி உள்ளேதான் அடையும். அந்த நாட்களில் கொட்டகை எத்தனையைத் தாங்குமோ அதுவே வருடம் முழுவதற்கும் எல்லை. வளர்ந்த கோழிக்கு 2 சதுர அடி வேண்டும். உங்களிடம் 48 சதுர அடி இருக்கிறது. இரவில் ஏறி உட்காரும் பரணில் ஒரு கோழிக்கு 8 அங்குல நீளம் வேண்டும். 8 அடிக் கம்பு இரண்டு போட்டால் 24 கோழி உட்காரும். இரண்டு கணக்கும் 24 என்ற ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. அது கடைசி எல்லை; கொஞ்சம் இடம் விட்டுத்தான் 20 என்கிறேன். பரண் கம்பு இரண்டு அங்குலக் கனம், உருண்டையாக, தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் இருக்கட்டும்.

இனி குறைக்கும் வேலை. 13 இளஞ்சேவல்களும் முதலில் போகட்டும். தலைக்கு நாளுக்கு 90 கிராம் என்றால் அவை மட்டும் மாதம் 35 கிலோ தின்கின்றன. நான்கு, நான்கரை மாதத்துக்குப் பிறகு தின்கிற அளவுக்கு எடை ஏறாது. வைத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் நட்டம்தான். தீபாவளிக்கு முன் கேட்பு நன்றாக இருக்கும், உயிர் எடைக்கு விற்றுவிடுங்கள். ஊர் ஊராகக் கூண்டோடு வரும் வியாபாரியைக் கொட்டகைப் பக்கம் விடாதீர்கள். நீங்களே பிடித்துச் சாலைக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். அந்தக் கூண்டிலும் காலணியிலும் நோய் ஏறி வரும். 12 குஞ்சுகளில் சேவல் எது என்று இன்னும் இரண்டு வாரத்தில் கொண்டையைப் பார்த்தே தெரியும். அவற்றை நான்கு மாதம் வரை வளர்த்து விற்கலாம். பாதி பெட்டை என்றால், பழையது 6, விடை 9, குஞ்சில் வருவது 6, சேவல் 1, ஆக 22. பழைய பெட்டைகளில் முட்டை குறைந்த இரண்டைக் கழித்துவிட்டால் 20. குஞ்சை நன்றாகக் காக்கும் தாய்க்கோழியை மட்டும் கழிக்க வேண்டாம். அது வயதானாலும் மதிப்புள்ளது.

உட்கார்ந்திருக்கும் மூன்றின் அடையைத் தெளியவைக்க, கம்பி அல்லது மூங்கில் பட்டைத் தரையுள்ள கூண்டு போதும். அடியில் காற்றோட்டம் இருக்கும்படி செங்கல்மேல் தூக்கிவைத்து, உள்ளே கூளம் எதுவும் போடாமல், வெளிச்சமான இடத்தில் மூன்று, நான்கு நாள் அடைத்துவையுங்கள். தீவனமும் தண்ணீரும் குறையக் கூடாது. வயிற்றுச் சூடு தணிந்ததும் அடை விட்டுப்போகும். இரண்டு, மூன்று வாரத்தில் மறுபடி முட்டைக்கு வரும். தண்ணீரில் முக்கியெடுப்பதும் மூக்கில் இறகு செருகுவதும் வேண்டவே வேண்டாம். இரண்டுமே கொடுமை; மலைக் குளிரில் முக்கியெடுத்தால் சளி பிடிக்கும். முட்டைகளைத் தினமும் மாலைக்குள் எடுத்துவிட்டால் அடைக்கு உட்காருவதே குறையும்.

அடுத்து எப்போது, எத்தனை? இருபதில் மூன்றில் ஒரு பங்கை வருடந்தோறும் புதுப்பித்தால் போதும். அதாவது புது விடை 6 அல்லது 7. அதற்கு 14 குஞ்சு வளர்ந்து நிற்க வேண்டும். 14 நிற்க 17, 18 பொரிக்க வேண்டும். அதற்கு 22 முட்டை. இரண்டு கோழி, தலைக்கு 11 முட்டை, வருடத்தில் ஒரே ஒரு முறை. இதற்கு மேல் வைக்கும் ஒவ்வொரு அடையும் விற்பனைக்கென்று தெரிந்தே வைப்பதாக இருக்கட்டும்.

மாசிக் கடைசியில் இரண்டு கோழிகளையும் ஒரே இரவில் வையுங்கள். பங்குனியில் குஞ்சு இறங்கும். மழைக்கு முன்னால் இறகு முழுதாக முளைத்துவிடும். கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானல் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழை முக்கியம். கூடலூர்ப் பக்கம் ஆனி, ஆடி. ஊட்டி, மன்னவனூர் போன்ற உயரங்களில் மார்கழி, தை உறைபனியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அடை முட்டை ஏழு நாளுக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது. இரவு முழுக்கக் கூட்டில் குளிர்ந்த முட்டை பொரிப்பது குறையும். கோழியின் உடல் மூடாமல் வெளியே தெரியும் முட்டை குளிர்ந்து வீணாகும். எனவே சிறிய பெட்டைக்கு ஒன்பதே போதும். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்திபோல நரம்பு ஓடினால் கரு பிடித்திருக்கிறது. வெறுமையாகத் தெரிவதை எடுத்துவிடலாம்.

போன வருடச் சாவு எதனால் என்பதை இந்த முறையாவது கவனித்துக் குறித்துவையுங்கள். முதல் இரண்டு வாரத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்து, ஆசனவாயில் எச்சம் ஒட்டிச் செத்தால் பெரும்பாலும் குளிர். மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சு இறக்கையைத் தொங்கவிட்டு, எச்சத்தில் ரத்தம் கலந்து செத்தால் ரத்தக்கழிச்சல். ஈரக் கூளம்தான் அதற்கு விளைநிலம். பெரிய கோழிகளும் சேர்ந்து பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து திருகி விழுந்தால் வெள்ளைக்கழிச்சல் என்று சந்தேகிக்க வேண்டும். மூன்றுக்கும் வழி வேறு வேறு. செத்த குஞ்சைச் சூடு ஆறுமுன் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனால் அறுத்துப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

குளிருக்குத் தாய்க்கோழியே போதும். ஆறு வாரம் வரை பிரிக்காதீர்கள். தாய் இல்லாத குஞ்சுக்குப் பெட்டியில் பழைய குண்டு பல்பு போடுங்கள்; எல்இடி பல்பில் சூடு வராது. சமவெளியில் குஞ்சுக்கு 2 வாட் என்பார்கள், மலையில் 3, 4 வாட் வேண்டும்: 15 குஞ்சுக்கு 60 வாட் பல்பு ஒன்று. முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட், பிறகு வாரம் 5 டிகிரி குறைக்கலாம். பல்படியில் குவிந்தால் சூடு போதவில்லை; ஓரத்துக்கு விலகி வாயைத் திறந்தால் அதிகம். மழை நாளில் மின்சாரம் நின்றால் சுடுதண்ணீர் பாட்டிலைச் சாக்கில் சுற்றி உள்ளே வையுங்கள். மூடிய அறையில் கரி அடுப்பு வைப்பது குஞ்சுக்கும் ஆபத்து, வீட்டு மனிதருக்கும் ஆபத்து.

குளிருக்குப் பயந்து கொட்டகையைச் சுற்றிலும் பாலிதீன் கட்டி மூடிவிடும் வழக்கம் இருக்கிறது. வளர்ந்த கோழி உலர்ந்திருந்தால் குளிரைத் தாங்கும். ஈரத்தையும் எச்ச நெடியையும்தான் தாங்காது. காலையில் கதவைத் திறந்ததும் உங்கள் கண் எரிந்தால் காற்று போதவில்லை என்று பொருள். கூரைக்குக் கீழே, சாரல் அடிக்காத பக்கம், ஒரு அடி இடைவெளி விட்டுக் கம்பிவலை அடியுங்கள். வலைக் கண் அரை அங்குலம் இருக்க வேண்டும். பெரிய கண் வலையில் கீரியும் மரநாயும் வழி கண்டுபிடித்துவிடும். தரையில் மூன்று அங்குலம் மரச்சீவல் அல்லது உமி போட்டுத் தினம் கிளறுங்கள். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்கக் கூடாது. நின்றால் அந்த இடத்துக் கூளத்தை மாற்றிவிடுங்கள்.

தடுப்பூசியில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. குப்பி பெரும்பாலும் 100 கோழிக்கானது. கலக்கிய மருந்தை ஐஸில் வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். எனவே பக்கத்து வீடுகளோடு நாள் பேசிக்கொண்டு, அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டு ஒன்றாகப் போடுங்கள். எல்லாக் குஞ்சும் ஒரே வாரத்தில் பொரிப்பதன் பெரிய பயன் இங்கேதான் தெரியும். 7-ஆம் நாள் லசோட்டா என்ற வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, 28-ஆம் நாள் மறுபடி, எட்டாவது வாரம் இறக்கையடியில் ஊசி. ஊசிக்கு ஒரு வாரம் முன் குடற்புழு மருந்து. இப்போது நிற்கும் கோழிகளுக்கு எதுவும் போடவில்லை என்றால் மழைக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

தழைத்தீவனத்தில் கவனம் வேண்டும். கேரட் தழை, முட்டைக்கோஸ் வெளி இலை எல்லாம் நல்லதுதான். ஆனால் மருந்து அடித்த பாத்தியிலிருந்து, காத்திருப்பு நாள் முடியாமல் கொடுக்கக் கூடாது. தேயிலையில் களைக்கொல்லி அடித்தால் அந்தப் பக்கம் கோழியை விடாதீர்கள். பச்சையேறிய உருளைக்கிழங்கும் முளையும் நஞ்சு. எச்சத்தைப் பச்சையாகக் கேரட் பாத்தியில் போட்டால் கிழங்கு கவட்டை விடும். மூன்று மாதமாவது மட்கவைத்துப் போடுங்கள். செத்த கோழியையும் அறுத்த கழிவையும் தேயிலைக்குள் வீசாமல் மூன்றடி ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். அந்த வாடைக்குத்தான் சிறுத்தை வீட்டருகே வரப் பழகும். சிந்திய தீவனத்தை மாலையில் கூட்டிவிட்டால் எலியும் பன்றியும் குறையும். உங்கள் பக்கம் கரடி நடமாட்டமும் உண்டு என்பதால் தீவன மூட்டையை வெளித் திண்ணையில் வைக்க வேண்டாம்.

இப்போதுள்ள சேவலே விடைகளுக்கெல்லாம் தகப்பன். மாசி அடைக்கு முன் வேறு ஹட்டியிலிருந்து (மலைக் கிராமத்திலிருந்து) ஒன்றை மாற்றிக்கொள்ளுங்கள். புதுச் சேவலை 21 நாள் தனியே கட்டி, மற்றக் கோழிகளுக்கு வைத்த பிறகே அதற்குத் தீவனம் வைத்து, நோய் இல்லை என்று உறுதியான பிறகே சேர்க்கலாம்.

உங்களுக்கு வேண்டியது முட்டை மட்டும்தான் என்றால் வேறு வழியும் உண்டு. ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி இயக்ககம் உருவாக்கிய கிராமப்பிரியா போன்ற இனங்கள் புறக்கடையில் வருடத்துக்கு 180 முட்டை வரை தரும்; அடைக்கு உட்காருவது அரிது, கூட்டம் தானாகப் பெருகாது. நான்கு வாரம் வளர்ந்து தடுப்பு மருந்து கொடுத்த குஞ்சாகப் பார்த்து வாங்குங்கள். ஆனால் மேய்ச்சலை மட்டும் நம்பினால் அந்த முட்டை வராது. நாளுக்குக் குறைந்தது 50, 60 கிராம் கலப்புத் தீவனமும் கிளிஞ்சல் தூளும் கையிலிருந்து போட வேண்டியிருக்கும்.