பழைய சுடுதண்ணி ஹீற்றர்: திருத்திறதா, மாத்திறதா? உங்கட கேள்விகளும் பதில்களும்

வாடைக்காத்துத் தொடங்கினோடன ஹீற்றர் கேள்விகள்தான் கூட வருது, கிட்டத்தட்ட எல்லாரும் கேக்கிறது ஒண்டுதான், இன்னும் இதைப் பாவிக்கலாமோ இல்லாட்டி புதுசு வாங்கிறதோ எண்டு.

சுன்னாகம், ஓய்வுபெற்ற ஆசிரியர்: ஹீற்றருக்கு 9 வயசு. சூடு முந்திமாதிரி இல்லை, உள்ளுக்கை பொட் பொட் எண்டு சத்தம். பாக்க வந்தவர் புதுசு போடச் சொல்லுறார்.

அவசரப்படாதேங்கோ ஐயா. வயசைப் பாக்கிறதை விட பழுது எங்க எண்டு பாக்கிறதுதான் முக்கியம். எங்கட யாழ்ப்பாணத்துக் கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால ஊறி வாறது, கேத்திலுக்குள்ள வெள்ளையாப் பிடிக்குதெல்லோ, அதேதான் தண்ணியைச் சூடாக்கிற எலிமென்ற்றிலயும் தடிப்பாப் பிடிச்சுக் கிடக்கும், அதுக்குள்ள அகப்பட்ட தண்ணி கொதிச்சு வெடிக்கிற சத்தம்தான் உங்களுக்குக் கேக்கிறது. மெயினை ஓஃப் பண்ணி, தண்ணியை இறக்கி, எலிமென்ற்றைக் கழட்டிப் பாக்கச் சொல்லுங்கோ. அதோட உள்ள மக்னீசியம் றொட்டையும் பாருங்கோ, தாங்கி கறள் பிடிக்காம அது தன்னைக் கரைச்சுக் காப்பாத்திக் கொண்டிருக்கிறது, கன பேர் அப்பிடி ஒரு சாமான் உள்ளுக்க இருக்கிறதே தெரியாம வருசக்கணக்கா விட்டிடுவினம். றொட் கரைஞ்சு அதின்ர நடுக்கம்பி மட்டும் மிஞ்சிக் கிடந்தா உடன மாத்த வேணும். தாங்கி சுகமா இருந்தா எலிமென்ற், வாசர், றொட் மூண்டையும் மாத்தினாக் காணும், இன்னும் சில வருசம் ஓடும். சூட்டைக் கட்டுப்படுத்திற தேர்மோஸ்ராற்றை 60 பாகைக்கு மேல வைக்காதேங்கோ, சூடு கூடக் கூட சுண்ணாம்பும் கூடப் படியும்.

ஆனா தாங்கியின்ர ஒட்டுக்குள்ளால தண்ணி கசிஞ்சு கறள் வடியுதெண்டா ஒரு சதமும் செலவழிக்காதேங்கோ, அது முடிஞ்சுது. சேஃப்ரி வால்விலயிருந்து சூடேறேக்க சொட்டுச் சொட்டா விழுறது வேற விசயம், தண்ணி சூட்டில பெருக்கிறதால வாறது. அதை அடைச்சு மட்டும் விடாதேங்கோ, தாங்கி வெடிக்கிற அளவுக்குப் போகலாம்.

கொக்குவில், குடும்பத் தலைவி: ஹீற்றர் போட்டா ட்ரிப் சுவிட்ச் விழுது. ஹீற்றர் லைனை ட்ரிப் சுவிட்சில படாம நேர குடுக்கலாம் எண்டு ஒருத்தர் சொல்லுறார்.

அந்த ஆளை இனி வீட்டு வயரிங்கில கை வைக்க விடாதேங்கோ அக்கா. பெரும்பாலும் எலிமென்ற்றை மூடியிருக்கிற உலோகக் குழாய் வெடிச்சு கரண்ட் தண்ணிக்குள்ள கசியுது, அதைப் பிடிச்சுத்தான் ட்ரிப் சுவிட்ச் விழுது, அது உங்கட உயிரைக் காப்பாத்திற வேலையைச் செய்யுது. எலிமென்ற்றை மாத்தும் வரைக்கும் ஹீற்றரைப் போடவே வேண்டாம், அடுப்பில தண்ணி வைச்சுக் குளிக்கலாம். எர்த்தையும் ஒருக்கா மீற்றர் வைச்சுப் பாக்கச் சொல்லுங்கோ, எங்கட பக்கம் கொஞ்ச மண்ணுக்குக் கீழ கல்லு, எர்த் கம்பியை அரைவாசி அடிச்சுப்போட்டு விட்ட வீடுகள் இருக்கு, கோடையில மண் காய்ஞ்சா அது இன்னும் மோசம்.

பருத்தித்துறை, கடற்கரை வீடு: சோலார் ஹீற்றர் பின்னேரத்திலயும் வெதுவெதுப்புத்தான். முழுக்க மாத்திறதோ?

முதல்ல கண்ணாடிக் குழாய்களின்ர அடி நுனியைப் பாருங்கோ. வெள்ளி மாதிரி மினுங்கினா நல்லம், பால் வெள்ளையா மாறியிருந்தா சூட்டை வெளிய போக விடாம வைச்சிருக்கிற அந்தக் குழாயின்ர வெற்றிடம் போயிட்டுது. அந்தக் குழாயை மட்டும் மாத்தலாம். தாங்கிதான் உங்களுக்குப் பெரிய பிரச்சினை, உப்புத் தண்ணி நல்ல ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீலையும் வெல்டிங் பிடிச்ச இடங்களில ஊசித்துவாரமா அரிக்கும், ஒண்டை ஒட்டினா பக்கத்தில இன்னொண்டு வரும். அப்பிடி ஒழுகத் தொடங்கினா மாத்திறதுதான் புத்தி, புதுசு வாங்கேக்க உள்ளுக்க எனாமல் பூசி மக்னீசியம் றொட் இருக்கிறதாப் பாத்து வாங்குங்கோ.

கோப்பாய்: அண்ணா ரொறன்ரோவில இருக்கிறார், வீட்டைச் சூடாக்கிற காஸ் ஃபேர்னஸுக்கு 18 வயசு. ஓடுதுதானே எண்டு விடலாமோ?

அங்கத்தை ஃபேர்னஸ் பொதுவா 15 தொடக்கம் 20 வருசம் வரும், அதால குளிர் தொடங்க முன்னமே லைசென்ஸ் உள்ள காஸ் ரெக்னிஷியனைக் கூப்பிட்டு நெருப்பின்ர சூட்டை வீட்டுக் காத்துக்குக் கடத்திற ஹீற் எக்ஸ்சேஞ்சரைப் பாக்கச் சொல்லுங்கோ. அதில வெடிப்பு இருந்தா காபன் மொனொக்சைட் எண்ட நச்சு வாயு வீட்டுக்குள்ள வரலாம், மணமும் இல்லை நிறமும் இல்லை, நித்திரையிலயே ஆளை முடிச்சிடும். வெடிப்பெண்டு சொன்னா யோசிக்காம மாத்தச் சொல்லுங்கோ. சின்னப் பழுதெண்டாலும் 18 வயசில திருத்திற செலவு புதுசின்ர அரைவாசியைத் தொட்டா நான் மாத்தத்தான் சொல்லுவன். ஜனவரியில நடு இரவு நிண்டு போனா விலை பேச நேரமிராது. படுக்கிற அறைகளுக்குக் கிட்ட காபன் மொனொக்சைட் அலாரம் வேலை செய்யுதோ எண்டு இண்டைக்கே கேளுங்கோ.

மானிப்பாய்: அம்மாவுக்குப் புதுசு வாங்கிறம். தண்ணி ஓடேக்கயே சூடாக்கிற இன்ஸ்ரன்ற்றோ, தாங்கி உள்ளதோ?

வாளியில அள்ளிக் குளிக்கிற ஆளுக்கு 15 லீற்றர் தாங்கியே தாராளம், 60 பாகையில இருக்கிற அந்தத் தண்ணியைக் கிணத்துத் தண்ணியோட கலந்தா ஏறக்குறைய 40 லீற்றர் இளஞ்சூடாக் கிடைக்கும். 3.5 கிலோவாட் இன்ஸ்ரன்ற்றுக்குத் தனி லைன் இழுக்க வேணும், எங்கட தண்ணிக்குக் கெதியா அடைக்கவும் செய்யும். தாங்கி உள்ளதையே வாங்குங்கோ.