டிஎன்பி தர மேம்பாட்டு பிராஜெக்ட்: கேட்டவர்களுக்குப் பதில்

சேர்ந்துபோன கேள்விகளுக்கெல்லாம் ஒரே மூச்சில் பதில் எழுதுகிறேன். டிஎன்பி (செவிலியர் பணிக்கான முனைவர் பட்டம்) அமெரிக்கப் படிப்பு, அதனால் நான் சொல்லும் விதிகளும் அங்கத்தவைதான். பிஎச்டி ஆய்வேடு பற்றி என்னிடம் கேட்காதீர்கள், அது வேறு உலகம்.

அக்கா, வார்டில் நோயாளிகள் கீழே விழுவதைக் குறைப்பது என் தலைப்பு. 12 வாரம் போதுமா?

இது ஆசை, இன்னும் பிராஜெக்ட் ஆகவில்லை. கணக்கைப் பாருங்கள். 25 படுக்கை உள்ள வார்டு நிரம்பியிருந்தால் 30 நாள் மாதத்துக்கு 750 நோயாளி-நாட்கள். ஒரு மாதம் 3 பேர் விழுந்தால் 1000 நோயாளி-நாட்களுக்கு 4, அடுத்த மாதம் ஒருவர் விழுந்தால் 1.3. நீங்கள் எதுவுமே செய்யாமல் இருந்தாலும் இப்படி ஏறி இறங்கும், அதை வைத்துக்கொண்டு 'மூன்றில் இரண்டு பங்கு குறைத்தேன்' என்று எழுதினால் கமிட்டியில் யாராவது ஒருவர் பிடித்துவிடுவார். விழுந்தவர்களின் எண்ணிக்கையைக் கூடவே எழுதி வாருங்கள், ஆனால் பிராஜெக்ட்டை அதன் தலையில் கட்டாதீர்கள். உங்கள் கையில் இருப்பது செயல்முறை: விழும் ஆபத்தை மதிப்பிடும் மோர்ஸ் அளவுகோல் ஒவ்வொரு ஷிஃப்டிலும் போடப்படுகிறதா, ஆபத்து அதிகம் என்று வந்தவருக்கு அதற்குரிய ஏற்பாடு நிஜமாகவே நடந்ததா. இதை வாரா வாரம் சதவீதமாக எடுக்கலாம், 12 வாரத்தில் அசைவு தெரியும். அப்புறம் ஒரு சமன் அளவீடும் வேண்டும், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். யாரையும் எழுந்து நடக்கவே விடாமல் வைத்திருந்தால் விழுவது குறையத்தான் செய்யும், ஆனால் நடந்து வந்தவர் தள்ளாடிக்கொண்டு வீட்டுக்குப் போவார். ஆகவே எத்தனை பேரை நடக்க வைத்தோம் என்பதையும் எண்ணுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பேஸ்லைன், அதாவது மாற்றத்துக்கு முந்தைய அளவு. பேஸ்லைன் எடுக்காமல் தொடங்காதீர்கள். இதை இன்று இன்னும் சில முறை சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐஆர்பி (ஆராய்ச்சி நெறிமுறைக் குழு) அனுமதி வேண்டுமா?

ஒரே இடத்தின் சேவையை மேம்படுத்துவது பெரும்பாலும் கூட்டாட்சி விதி சொல்லும் 'ஆராய்ச்சி'க்குள் வராது. பொதுமைப்படுத்தக்கூடிய அறிவுக்காகத் திட்டமிட்டுச் செய்வதுதான் அதன்படி ஆராய்ச்சி. ஆனால் 'என்னுடையது ஆராய்ச்சி இல்லை' என்று நீங்களே தீர்ப்பு எழுதிக்கொள்ளக் கூடாது. பல்கலைக்கழகத்திடமும் மருத்துவமனையிடமும் எழுத்தில் வாங்குங்கள், டேட்டாவைத் தொடுவதற்கு முன்பே. எடுத்து முடித்துவிட்டுப் பின்தேதியில் கேட்டால் யாரும் தர மாட்டார்கள்.

இலக்கிய மீளாய்வு மட்டும் செய்து முடிக்கலாமா?

கூடாது. செவிலியர் கல்லூரிகளின் சங்கமான ஏஏசிஎன் 2015லேயே, மீளாய்வு மட்டும் டிஎன்பி பிராஜெக்ட் ஆகாது என்று சொல்லிவிட்டது.

பெயரை நீக்கிவிட்டேன், டேட்டாவை லேப்டாப்பில் கொண்டுபோகலாமா?

பெயர் போனால் போதாது. மருத்துவத் தகவல் தனியுரிமைச் சட்டமான ஹிப்பாவின் சேஃப் ஹார்பர் முறையில் நீக்க வேண்டிய அடையாளங்கள் 18. அட்மிஷன் தேதி, மருத்துவப் பதிவு எண், 89க்கு மேற்பட்ட வயது எல்லாம் அதில் உண்டு. மருத்துவமனை அனுமதியும் வேண்டும்.

நர்ஸ்களுக்கு வகுப்பு எடுத்து, முன்னும் பின்னும் தேர்வு வைத்து, டி டெஸ்ட் (இரண்டு சராசரிகளை ஒப்பிடும் கணக்கு) போடலாம் என்றிருக்கிறேன். சரியா?

எனக்கு எரிச்சல் வரும் டிசைன் இதுதான், கோபித்துக்கொள்ளாதீர்கள். வகுப்பு முடிந்த உடனே மதிப்பெண் ஏறத்தான் செய்யும். ஆனால் கம்ப்யூட்டர் ஸ்கிரீனில் அவர்கள் நிரப்ப வேண்டிய கட்டம் நாலாவது டேபுக்குள் ஒளிந்திருக்கிறது என்றால் எவ்வளவு தெரிந்தாலும் இரவு 3 மணிக்கு யாரும் தேடிப் போய் நிரப்ப மாட்டார்கள். முதலில் ஏன் நடக்கவில்லை என்று அவர்களிடமே கேளுங்கள். ஒரு மாற்றத்தை ஒரு நர்ஸ், ஒரு ஷிஃப்ட் என்று சின்னதாகச் சோதியுங்கள், திருத்துங்கள், பிறகு பரப்புங்கள். பிடிஎஸ்ஏ (திட்டமிடு, செய், ஆராய், செயல்படுத்து) என்பது இதுதான். 12 வாரத்தையும் ஒரே சுற்று என்று எழுதுவது பிடிஎஸ்ஏ ஆகாது.

(புள்ளியியல் படித்த ஒருவர்) மேடம், பி வேல்யூ (வித்தியாசம் வெறும் தற்செயலா என்று கணிக்க உதவும் எண்) இல்லாமல் எதை நம்புவது?

ரன் சார்ட்டை. வாரா வாரம் புள்ளி வைத்து மீடியன் (நடு மதிப்பு) கோடு போடுங்கள். தொடர்ந்து 6 புள்ளிகள் கோட்டின் ஒரே பக்கம் விழுந்தால், அல்லது 5 புள்ளிகள் ஒரே திசையில் போனால், அது சும்மா வந்த ஏற்ற இறக்கம் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். கோட்டின் மேலேயே விழுந்ததை முதல் விதிக்கு எண்ணக் கூடாது.

அந்த 6 புள்ளி விதியும் நிகழ்தகவுக் கணக்குதானே? அதை மட்டும் ஏன் உயர்த்திப் பிடிக்கிறீர்கள்?

நிகழ்தகவுதான், மறுக்கவில்லை. சண்டை காலவரிசை பற்றியது. நீங்கள் வருவதற்கு முன்பே விகிதம் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது என்று வையுங்கள். முன் சராசரி, பின் சராசரி என்று இரண்டு குவியலாக்கினால் பி வேல்யூ அழகாக வரும், உங்கள் மாற்றம் எதையும் செய்திருக்காது. சார்ட்டில் அது ஒரு பார்வையில் தெரியும்.

கமிட்டி பி வேல்யூ கேட்டால்?

இரண்டையும் கொடுங்கள், சார்ட்டை முதலில். பேஸ்லைனில் நாலே புள்ளி இருந்தால் இரண்டுமே உதவாது, குறைந்தது பத்து புள்ளி தேவை. கன்ட்ரோல் சார்ட்தான் (மேல், கீழ் எல்லைக் கோடுகளும் உள்ள சார்ட்) சரி என்று இதற்கிடையில் இன்னொருவர் வந்துவிட்டார். புள்ளிகள் போதுமான அளவு இருந்தால் தாராளமாகப் போடுங்கள், மூன்று மாத மாணவர் பிராஜெக்ட்டில் பொதுவாக இருக்காது. இதைத் தனியாகப் பேசிக்கொள்வோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

சர்வே மட்டும்தான், அதற்கும் ஐஆர்பி வேண்டுமா?

மேலே பார்க்கவும்.

ஐஆர்பிக்கு எப்போது...

மேலே. டேட்டாவைத் தொடுவதற்கு முன்பே.

பழைய டேட்டா இல்லை, நேரடியாக ஆரம்பித்துவிட்டேன்...

நிறுத்துங்கள். தொடங்கும் முன் இருந்த வாரங்களின் நோயாளிப் பதிவுகளைத் திறந்து பின்னோக்கி எடுக்க அனுமதி உண்டா என்று இன்றே கேளுங்கள்.

எதுவுமே மாறவில்லை அக்கா. பட்டம் போச்சா?

போகாது. இலக்கை எட்டாததற்காக நல்ல கமிட்டி யாரையும் தோற்கடிப்பதில்லை, என்ன நடந்தது என்று சொல்லத் தெரியாதவரைத்தான் திருப்பி அனுப்பும். மாற்றம் எத்தனை முறை உண்மையிலேயே நடந்தது என்று எண்ணினீர்களா? பத்தில் நாலு முறைதான் நடந்தது என்றால் யோசனை தோற்றதாகச் சொல்ல முடியாது, அது இன்னும் சோதிக்கப்படவே இல்லை. அந்த வார்டில் நடுவில் மேனேஜர் மாறினாரா, ஆள் குறைந்ததா என்பதையும் எழுதுங்கள். தர மேம்பாட்டு அறிக்கை எழுதுவதற்கான ஸ்க்வையர் 2.0 வழிகாட்டியில் சூழலுக்கென்றே இடம் இருக்கிறது, எழுதும்போது அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.