எம்.ஓ.டி-யில் தோற்ற கார்: ரிப்பேரா, தள்ளிவிடுவதா?

தம்பி, உங்கள் கேள்வியை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துவிடுவோம். இங்கிலாந்தில் லூட்டனுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒருவரிடம் நேரடியாக 2013 மாடல் டீசல் கார் ஒன்றை 1,900 பவுண்டுக்கு வாங்கினீர்கள். இதுவரை ஓடியது 1,12,000 மைல். நடுவில் இ.ஜி.ஆர் வால்வு (புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள் அனுப்புவது), டர்போ குழாய் என்று 640 பவுண்டு போய்விட்டது. இப்போது எம்.ஓ.டி என்னும் வருடாந்திர வண்டித் தகுதிச் சோதனையில் தோற்றிருக்கிறது: டி.பி.எஃப் என்ற புகை வடிகட்டி அடைத்துக்கொண்டு எஞ்சின் விளக்கு எரிகிறது, முன் பிரேக் டிஸ்க் தேய்ந்திருக்கிறது, முன்பக்க லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும் கை) இரண்டும் போய்விட்டன. மொத்தம் 880 பவுண்டு ஆகும் என்கிறார் மெக்கானிக். மச்சான் "தள்ளிவிடு" என்கிறார். கூடத் தங்கியிருக்கும் நண்பர் "இவ்வளவு செலவு பண்ணிட்டு இப்போ விற்கிறதா" என்கிறார்.

மச்சான் பக்கம்தான் நானும். விற்றுவிடுங்கள், அதுவும் ரிப்பேர் செய்யாமலே. ஆனால் 880 பெரிய தொகை என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அதே 880-ஐ வேறொரு வண்டிக்குப் போடுங்கள் என்று தாராளமாகச் சொல்லியிருப்பேன்.

நண்பர் சொல்லும் காரணத்தில் நானும் ஒருமுறை மாட்டியிருக்கிறேன். இங்கே வந்த இரண்டாவது குளிர்காலம். சின்ன பெட்ரோல் வண்டி, கூலன்ட் மட்டும் குறைந்துகொண்டே இருந்தது. ஒரு காரேஜில் தெர்மோஸ்டாட் மாற்றினார்கள். அடுத்த மாதம் ரேடியேட்டர். அப்புறம் வாட்டர் பம்ப். ஒவ்வொரு முறையும் 'இவ்வளவு போட்டாயிற்று, இதையும் போட்டுவிட்டால் முடிந்தது' என்றுதான் கார்டை நீட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆயில் ஊற்றும் மூடியைச் சும்மா திருகி எடுத்தேன். அடிப்பக்கம் முழுக்க வெளிர்மஞ்சளாக, தயிர் கடைந்தது போல அப்பியிருந்தது. டிப்ஸ்டிக்கை உருவினால் அதிலும் அதே நிறம். ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது. எஞ்சினுக்குள் ஆயிலையும் கூலன்ட்டையும் கலக்காமல் பிரித்து வைக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருந்தது. (குளிரில் குறுந்தூரமே ஓடும் வண்டிகளில் ஈரம் படிந்து மூடியில் மட்டும் லேசாக இப்படி வருவதுண்டு. அதைப் பார்த்து உடனே பதற வேண்டாம்.) அந்த வண்டி ஸ்கிராப்புக்குப் போனபோது அதில் இருந்த ரேடியேட்டர் பளபளவென்று இருந்தது.

அதனால் 1,900-ஐயும் 640-ஐயும் காகிதத்தில் எழுதவே எழுதாதீர்கள். இன்றைய தேதியிலிருந்து கணக்குப் போடுங்கள். அதே மாடல், அதே ஓட்டம், ஒரு வருட எம்.ஓ.டி-யோடு 1,400 பவுண்டு அளவில் விற்கிறது என்று நீங்களே பார்த்துச் சொன்னீர்கள். தோற்ற நிலையில் அப்படியே எடுத்துக்கொள்ள ஒரு டீலர் 350 தருகிறார். ரிப்பேர் செய்து விற்றால் 1,400-இல் 880 போக 520. ஆக, இத்தனை அலைச்சலுக்கும் மிஞ்சுவது 170 பவுண்டு. அதுவும் எல்லாம் சரியாக நடந்தால். பிரித்த பிறகு "இன்னொன்றும் போயிருக்கிறதே" என்று ஒரே ஒரு போன் வந்தால் அந்த 170 காலி.

சரி, விற்கவே வேண்டாம், செய்து நானே ஓட்டுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அந்த மூன்று பழுதுகளையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. டிஸ்க், பேட், லோயர் ஆர்ம், டயர், பேட்டரி எல்லாம் தேய்மானம். எந்தக் காரானாலும் அந்தச் செலவு வரும், ஒருமுறை மாற்றினால் பல வருடம் தாங்கும். உங்கள் பட்டியலில் அவற்றுக்கு 500. வண்டி மற்றபடி நன்றாக இருந்தால் அதற்கு யோசிக்கவே வேண்டியதில்லை. மீதி 380, டி.பி.எஃப் கழுவுவதற்கு. சிக்கல் அங்கேதான்.

டி.பி.எஃப் என்பது டீசல் புகையில் வரும் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி. அது நிறைந்தால் தானாகவே சூடேறிக் கரியை எரித்துச் சாம்பலாக்கிக்கொள்ளும். அதற்கு எஞ்சின் நன்றாகச் சூடாகி, மோட்டார்வே வேகத்தில் கொஞ்ச நேரம் தொடர்ந்து ஓட வேண்டும். நீங்கள் ஓட்டுவது வீட்டிலிருந்து வேர்ஹவுஸுக்கு மூன்று மைல், திரும்ப மூன்று மைல். ஜனவரியில் ஹீட்டரில் சூடான காற்று வரும் முன்பே இறங்கிவிடுவீர்கள். கரி சேரும், எரியாது. எரிக்கலாம் என்று வண்டி கூடுதலாக டீசலைப் பீய்ச்சும்போது நீங்கள் சாவியைத் திருப்பி அணைத்துவிடுவீர்கள். அந்த டீசல் வழிந்து ஆயிலில் கலக்கும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சின் ஆறியதும் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நின்று, முகர்ந்தால் டீசல் வாடை அடித்தால் இதுதான் நடந்திருக்கிறது. இ.ஜி.ஆர் வால்வு போனதும் பெரும்பாலும் இதே கரியால்தான் இருக்கும். அதாவது 640-இல் ஒரு பங்கும் இப்போதைய 380-ம் ஒரே நோய்க்குக் கட்டிய வைத்தியச் செலவு. கழுவிப் போட்டாலும் நீங்கள் அதே மூன்று மைல்தானே ஓட்டப்போகிறீர்கள்? அடுத்த குளிருக்குள் விளக்கு மறுபடி எரியும்.

இதே கார் தினமும் எம்1 மோட்டார்வே ஏறி மில்டன் கீன்ஸ் போய்வரும் ஒருவர் கையில் இருந்தால் சத்தமே இல்லாமல் ஓடும். அவருக்கு இந்த 880 நல்ல செலவு. அப்படிப்பட்ட ஆட்களுக்கு விற்கத்தான் டீலர் இதை 350-க்குக் கேட்கிறார்.

அப்புறம் லண்டன். மாதம் இரண்டு முறை வெம்ப்ளியில் அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். 2023 ஆகஸ்ட் 29-இலிருந்து லண்டனின் எல்லா பரோக்களும் (உள்ளாட்சிப் பகுதிகள்) யூலெஸ் பகுதிக்குள், அதாவது புகை அதிகம் விடும் வண்டிகளுக்குக் கட்டணம் வாங்கும் பகுதிக்குள், வந்துவிட்டன. கட்டணம் இல்லாமல் போக டீசல் காருக்கு யூரோ 6 என்ற புகைத் தரம் வேண்டும். 2013 மாடல் அநேகமாக யூரோ 5. டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டன் இணையதளத்தில் நம்பரைத் தட்டினால் இலவசமாகச் சொல்லிவிடும். கட்டணம் ஒரு நாளைக்கு 12.50 பவுண்டு, நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை, கிறிஸ்துமஸ் தவிர எல்லா நாளும். சனிக்கிழமை போய் ஞாயிறு திரும்பினால் இரண்டு நாள், 25 பவுண்டு. மாதம் இரு முறை என்றால் வருடத்துக்கு 600. இதை உங்களிடம் விற்றவர் சொல்லியிருக்க மாட்டார், நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள். (இதுவரை போனதற்குக் கட்டியிருக்கிறீர்களா? இல்லையென்றால் அபராதக் கடிதம் வி5சி எனும் வண்டிப் பதிவுத் தாளில் இருக்கும் முகவரிக்குத்தான் வரும். பழைய வீட்டு முகவரி என்றால் அங்கே போய்ப் பாருங்கள்.)

பழைய எம்.ஓ.டி இன்னும் இரண்டு வாரம் இருக்கிறதே, அதுவரை ஓட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கையில் கொடுத்த தாளைப் பாருங்கள். 2018 மே மாதத்திலிருந்து பழுதுகளை டேஞ்சரஸ், மேஜர், மைனர் என்று பிரித்துப் போடுகிறார்கள். ஒரு வரியாவது டேஞ்சரஸ் தலைப்பின் கீழே இருந்தால் வண்டியை நகர்த்தவே கூடாது. மீறினால் அபராதம் 2,500 பவுண்டு வரை போகலாம், லைசென்ஸில் புள்ளியும் ஏறும். எல்லாம் மேஜர் என்றால் பழைய சான்றிதழ் முடியும்வரை எடுத்துக்கொண்டு போகலாம், ஆனால் வண்டி சாலைக்குத் தகுந்த நிலையில் இருக்க வேண்டும் என்ற பொறுப்பு உங்களுடையதுதான். முனையிலுள்ள மூட்டு (பால் ஜாயின்ட்) ஆடும் லோயர் ஆர்மோடு நானாக இருந்தால் ஓட்ட மாட்டேன். அது கழன்றால் சக்கரம் ஒரு பக்கம், ஸ்டியரிங் ஒரு பக்கம். தாளில் நியர்சைட் என்று இருப்பது நடைபாதைப் பக்கம், ஆஃப்சைட் என்பது டிரைவர் பக்கம். வந்த புதிதில் எனக்கு இது தெரியாமல் தப்பான பக்கத்துக்கு ஹெட்லைட் வாங்கி வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அதேபோல, "எம்1-இல் ஒரு அழுத்து அழுத்தினால் டி.பி.எஃப் தானாகச் சுத்தமாகிவிடும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். டி.பி.எஃப் விளக்கு முதன்முதலாக மஞ்சளாக எரியும்போது அந்த வைத்தியம் பலிக்கும். எஞ்சின் விளக்கே வந்து, காரேஜும் அடைப்பு என்று சொன்ன பிறகு பலிக்காது. ஆடும் லோயர் ஆர்மோடு 70 மைல் வேகம் வேறு. இன்னொருவர் வந்து, 200 கொடுங்கள், டி.பி.எஃப்-ஐயே கழற்றிவிடுகிறேன் என்பார். 2014 பிப்ரவரியிலிருந்து எம்.ஓ.டி-யில் அதைப் பார்க்கிறார்கள். இருக்க வேண்டிய இடத்தில் இல்லையென்றால் தோல்விதான். அப்படி ஓட்டுவது சட்டப்படிக் குற்றமும்கூட.

நீங்கள் கேட்காத ஒன்று, எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. இந்திய லைசென்ஸில் இங்கே 12 மாதம்தான் ஓட்ட முடியும். உங்களுக்கு எட்டு முடிந்துவிட்டது. இன்னும் நாலு மாதத்தில் தியரியும் பிராக்டிகலும் பாஸாகாவிட்டால், கார் எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் தனியாக எடுக்க முடியாது. எல் போர்டு, பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஒருவர், அதற்கேற்ற இன்சூரன்ஸ் எல்லாம் வேண்டும். டெஸ்டுக்குத் தேதி கிடைக்க மாதக்கணக்கில் ஆகிறது. 880 பவுண்டை ரிப்பேரில் போட்டுவிட்டு அந்தக் காரை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். புரொவிஷனல் லைசென்ஸுக்கு (ஓட்டப் பழகுபவருக்கான லைசென்ஸ்) இன்றே விண்ணப்பியுங்கள். தியரிக்கு 23, வார நாளில் பிராக்டிகலுக்கு 62 பவுண்டு. ஆட்டோமேட்டிக் காரில் டெஸ்ட் கொடுத்தால் ஆட்டோமேட்டிக் மட்டும்தான் ஓட்டலாம், அதையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். மூன்று மைல்தானே, அதுவரை பஸ்ஸோ சைக்கிளோ சமாளிக்கலாம். நைட் ஷிஃப்ட் என்றால் கஷ்டம்தான். ஷிஃப்டில் கூட வருகிறவர் யாராவது வண்டி வைத்திருப்பார், பெட்ரோலைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

விற்கும்போது மறைக்காதீர்கள். மறைக்கவும் முடியாது; நம்பர் தெரிந்தால் எவரும் எம்.ஓ.டி வரலாற்றை அரசு இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம், உங்கள் தோல்வி அங்கே ஏறியிருக்கும். சாலைக்குத் தகுதியில்லாத வண்டியை அப்படிச் சொல்லாமல் விற்பது குற்றமும் ஆகும். தோற்ற தாளையே படமெடுத்து இரண்டு மூன்று டீலர்களுக்கு அனுப்புங்கள். டிரெய்லர் கொண்டுவந்து ஏற்றிக்கொள்பவராகப் பாருங்கள். 350 சொல்லிவிட்டு வாசலுக்கு வந்து 200 என்பார்கள், பழக்கம். "அப்படியானால் வேண்டாம்" என்று கதவைச் சாத்தத் தயாராக இருந்தால் 300-க்காவது வருவார்கள். ஸ்கிராப்புக்கே போகிறதென்றால் அனுமதி பெற்ற இடத்துக்கு மட்டும் கொடுங்கள். அங்கே பணம் வங்கிக் கணக்குக்குத்தான் வர வேண்டும்; ஸ்கிராப்புக்கு ரொக்கம் கொடுப்பது 2013-ஆம் வருடச் சட்டப்படி தடை. கையில் நோட்டை நீட்டுபவர் மற்ற விஷயங்களையும் அப்படித்தான் செய்வார்.

தெருவில் நிறுத்துகிறீர்கள் என்றால் அந்த இரண்டு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். எம்.ஓ.டி முடிந்த வண்டியைச் சாலையில் நிறுத்தி வைக்கவும் கூடாது. சார்ன் (வண்டி சாலையில் ஓடாது என்று அரசுக்குத் தரும் அறிவிப்பு) சொல்லி ஓரங்கட்டலாம், ஆனால் அதற்குச் சொந்த டிரைவ்வேயோ கராஜோ வேண்டும்.

அடுத்த காரை லைசென்ஸ் வந்த பிறகு பாருங்கள். சின்ன பெட்ரோல், 2006-க்குப் பிறகு வந்தது என்றால் யூலெஸ் தொல்லை பெரும்பாலும் இராது. கொஞ்சம் விலை கூடினாலும் டீலரிடம் வாங்குங்கள். 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வாங்கும்போதே பழுது இருந்தது என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கலாம். அதன் பிறகும் ஆறு மாதம் வரை ரிப்பேர் கேட்கும் பலம் இருக்கிறது. தனி ஆளிடம் வாங்கினால், சொன்னதற்கு மாறாக இருந்தால்தான் பேச முடியும். எம்.ஓ.டி வரலாற்றில் ஒரே அட்வைசரி (தோல்வி இல்லை, ஆனால் கவனியுங்கள் என்ற குறிப்பு) மூன்று வருடமாகத் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். அப்படி வந்தால் அந்த ஓனர் எதையுமே செய்யாதவர். அடிப்பாகத்தில் துரு என்று இருந்தால் பேச்சே வேண்டாம், குளிரில் சாலையில் தூவும் உப்பு அதைத் தின்றுகொண்டே இருக்கும்.

கார் போகும் அன்று, வாங்குபவர் வாசலில் நிற்கும்போதே, போனிலேயே இணையம் வழியாக, வண்டிப் பதிவை வைத்திருக்கும் டி.வி.எல்.ஏ அலுவலகத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். கட்டிய வரியில் மீதமுள்ள முழு மாதங்களுக்கான பணம் தானாகத் திரும்பி வரும். நான் முதல் வண்டியைக் கொடுத்தபோது 'நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டேன். மூன்று வாரம் கழித்து பஸ் லேனில் ஓட்டியதற்கு அபராதம், என் பெயருக்கு. அது தீர நாலு கடிதம் எழுத வேண்டியிருந்தது.

அந்த எம்.ஓ.டி தாளை ஒரு படம் எடுத்து எனக்கும் அனுப்புங்கள். லோயர் ஆர்ம் எந்தத் தலைப்பின் கீழே இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை சாவி ஆணியிலேயே தொங்கட்டும்.