கிடார் வீட்டுக்கே வந்துவிடும், அதை வாசிக்கும்படி ஆக்குவது யார்?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இசைக்கருவிக் கடைகளைச் சுற்றியே இருந்தன. அதனால் மற்றதை எல்லாம் அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டேன்.

கேள்வி: இருபது வருடமாக நான் போய்வந்த இசைக்கருவிக் கடையை மூடிவிட்டார்கள். கேட்டால் ஆன்லைன்தான் காரணம் என்கிறார்கள். அவ்வளவுதானா? இல்லை, வாசிக்கிற ஆட்களே குறைந்துவிட்டார்களா?

வாசிக்கிறவர்கள் குறையவில்லை. 2020-இல் எல்லோரும் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தபோது கிடார் விற்பனை எகிறியது. தங்கள் வரலாற்றிலேயே அதிகம் விற்ற ஆண்டு அதுதான் என்று கிடார் தயாரிக்கும் ஃபெண்டர் நிறுவனம் சொன்னது. அதே 2020 நவம்பரில்தான் அமெரிக்காவின் மிகப் பெரிய இசைக்கருவிக் கடைத்தொடரான கிடார் சென்டர் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. சரக்குக்குக் கிராக்கி இருந்தும் கடை தள்ளாடியது. அங்கே இன்னொரு கதையும் உண்டு. 2007-இல் ஒரு முதலீட்டு நிறுவனம் பெரும் கடன் வாங்கி அந்தக் கடைத்தொடரை வாங்கியது. அந்தக் கடன் முழுக்கக் கடையின் தலையிலேயே ஏறியது. கடனைச் சீரமைத்துக்கொண்டு கிடார் சென்டர் மீண்டு வந்துவிட்டது. 1924-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் தொடங்கிய சாம் ஆஷ் என்ற இன்னொரு கடைத்தொடர் மீளவில்லை. நூறு வயது நிறைந்த 2024-இல் தன் எல்லாக் கடைகளையும் மூடுவதாக அறிவித்தது. நியூயார்க் மன்ஹாட்டனின் 48-ஆம் தெரு ஒரு காலத்தில் இசைக்கருவிக் கடைகளுக்கே பேர்போன தெரு. 1935 முதல் அங்கே இருந்த மேனீஸ் என்ற கடையும் 2009-இல் மூடிற்று.

ஆன்லைனில் விலை குறைவு என்பதை நான் முழுக் காரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அமெரிக்காவில் பல தயாரிப்பாளர்கள் இதற்குக் கீழே விலை விளம்பரப்படுத்தக் கூடாது என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். புதிய கிடார் ஒன்றுக்குக் கடையிலும் இணையத்திலும் பெரும்பாலும் ஒரே விலைதான் போட்டிருக்கும். கடைக்காரரை அடித்தது சரக்கின் எண்ணிக்கை. ஒரே மாடலில் ஐந்து நிறம், அதில் இடது கைக்காரருக்குத் தனி, பன்னிரண்டு கம்பிக்குத் தனி. இத்தனையையும் சுவரில் மாட்டி, மாதக்கணக்கில் தூசி தட்டி, வாடகையும் கொடுக்கச் சின்னக் கடையால் முடியாது. கிடங்கு வைத்திருப்பவரால் முடியும்.

அப்புறம் கம்பி, பிளெக்ட்ரம், கேபிள், ரீடு மாதிரி சில்லறைச் சாமான்கள். கடைக்குத் தினசரி காசும், வாரம் ஒருமுறை வாடிக்கையாளரின் முகமும் கிடைத்தது அவற்றால்தான். முதலில் இணையத்துக்குப் போனவையும் அவையே. ட்யூனரும் மெட்ரோனோமும் கைப்பேசிக்குள் போய்விட்டன. இன்னொன்றையும் மறக்கக் கூடாது: நல்ல கிடார் சீக்கிரம் சாகாது. பழைய கருவிகளையும் விற்க வாங்க உதவும், 2013-இல் தொடங்கிய ரிவர்ப் போன்ற இணையதளங்கள் வந்த பிறகு, கட்டிலுக்கு அடியில் கிடந்த பழைய கிடார்களெல்லாம் கடையின் புதுக் கிடாருக்குப் போட்டியாகக் கிளம்பிவிட்டன.

கேள்வி: மகளுக்கு 11 வயது. பக்கத்தில் கடை எதுவும் இல்லாததால் ஆன்லைனில் கிடார் வாங்கினோம். ஒரு வாரத்தில் விரல் வலிக்கிறது என்று மூலையில் சாத்திவிட்டாள். ஆரம்பத்தில் எல்லோருக்கும் வலிக்கும் என்கிறார் என் கணவர். திருப்பி அனுப்பவா, பொறுத்துப் பார்க்கவா?

வலிக்கும் என்பது உண்மைதான். ஆனால் எவ்வளவு வலிக்கிறது என்பது கிடாரைப் பொறுத்தது. இன்றே ஒரு ஸ்கேலை எடுங்கள். கிடாரின் நீண்ட கழுத்தில், அதாவது நெக்கில், குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்தான் ஃப்ரெட். தலைப்பக்கத்திலிருந்து எண்ணுங்கள்.

பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேல்பக்கத்துக்கும் தடித்த கம்பியின் அடிப்பக்கத்துக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர்? எஃகுக் கம்பி போட்ட அக்கூஸ்டிக் கிடாரில் இரண்டரை மில்லிமீட்டர் வாக்கில் இருந்தால் சுகமாக வாசிக்கலாம். எலெக்ட்ரிக்கில் இரண்டு அல்லது அதற்கும் கீழே. நைலான் கம்பிக் கிடாரில் இன்னும் கொஞ்சம் உயரமாக, நாலு வரைகூட இருக்கும், அது குறையல்ல. எஃகுக் கம்பிக்கு நாலு காட்டினால் உங்கள் மகள் பக்கம்தான் நியாயம்.

அடுத்து, தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும், நெக் உடலோடு சேரும் இடத்திலுள்ள ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நடுவே ஏழாவது ஃப்ரெட்டைப் பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால் நல்லது. இடைவெளியே இல்லையென்றால் நெக் வளைவே இல்லாமலோ பின்பக்கம் வளைந்தோ இருக்கிறது. நிறைய இருந்தால் முன்பக்கம் வளைந்திருக்கிறது. நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியைத் திருகி இதைச் சரிசெய்வார்கள். நைலான் கிடார் பலவற்றில் அந்தக் கம்பியே கிடையாது. அதில் நெக் வளைந்து வந்தால் யோசிக்காமல் திருப்பி அனுப்புங்கள்.

முதல் ஃப்ரெட் பக்கத்தில் மட்டும் அழுத்தக் கடினமாக இருந்தால் குற்றம் நட்டில், அதாவது நெக்கின் தலைப்பக்க முனையில் கம்பிகள் உட்காரும் அந்தச் சின்ன வெள்ளைப் பட்டையில். அதன் பள்ளங்களை ஆழமாக அறுக்காமலே விட்டிருப்பார்கள். எஃப் கார்டு (முதல் ஃப்ரெட்டில் ஒரே விரலால் பல கம்பிகளை அழுத்தும் பிடி) வராமல் கிடாரைத் தூக்கிப் போட்டவர்களில் பாதிப் பேர் இந்தப் பட்டையால்தான் தோற்றார்கள் என்பது என் சந்தேகம்.

கையை நெக்கின் ஓரத்தில் மேலும் கீழும் ஓட்டுங்கள். ஃப்ரெட்டின் முனைகள் குத்தினால் கட்டை ஈரம் இழந்து சுருங்கியிருக்கிறது. கிடாருக்கு ஏற்ற காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். கிடங்கிலும் லாரியிலும் யாரும் அதைப் பார்ப்பதில்லை. கடைசியாக ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் மீட்டிப் பாருங்கள், எங்காவது உறுமுகிறதா என்று. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தி வாசிக்கும் சுரமும், அதே இடத்தில் கம்பியை மெல்லத் தொட்டு எடுக்கும் ஹார்மோனிக்கும் கைப்பேசி ட்யூனரில் ஒன்றாகக் காட்ட வேண்டும்.

இந்த வேலையை எல்லாம் முன்பு கடைக்காரர் செய்தார். பெட்டியில் வந்ததைப் பிரித்து, உயரம் குறைத்து, நெக்கை நிமிர்த்தி, சுருதி கூட்டி உங்கள் கையில் கொடுத்தார். எல்லாக் கடைக்காரரும் இல்லை, நல்ல கடைக்காரர். அந்தக் கூலி விலைக்குள்ளேயே ஒளிந்திருந்ததால் நம் கண்ணில் படவில்லை. இப்போது கிடார் மட்டும் வருகிறது, வேலை வருவதில்லை. நானே ஆன்லைனில் முதன்முதலாக வாங்கிய கிடாரைச் சகிக்காத சத்தம் என்று ஒரு வருடம் ஒதுக்கி வைத்திருந்தேன். ஒரு ரிப்பேர்காரர் அதை முக்கால் மணி நேரத்தில் வேறு கிடாராக்கிக் கொடுத்தார். அந்த ஒரு வருடத்தை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான்.

ஆகவே உங்களுக்கு: கம்பி உயரம் மட்டும்தான் குறையென்றால் வைத்துக்கொண்டு, ரிப்பேர்காரர் ஒருவரிடம் 'செட்டப்' செய்து தரச் சொல்லுங்கள். விரிசல், முறுக்கிக்கொண்ட நெக், உடலிலிருந்து தூக்கிக்கொண்ட பிரிட்ஜ் (கம்பிகளின் கீழ்முனையைப் பிடித்திருக்கும் கட்டை) இருந்தால் திருப்புங்கள். திருப்பும் கெடு எத்தனை நாள் என்று முதலில் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத்தில் வாங்கியதைக் காரணம் சொல்லாமலே 14 நாளுக்குள் திருப்பச் சட்டம் இடம் தருகிறது. மற்ற இடங்களில் பெரும்பாலும் விற்பவரின் விதிதான். அட்டைப் பெட்டியைக் கிழித்துப் போட்டுவிடவில்லையே?

கேள்வி: கடையில் வாசித்துப் பார்த்துவிட்டு ஆன்லைனில் வாங்குவது தப்பா?

சட்டப்படி தப்பில்லை. ஆனால் ஒரு மணி நேரம் ஐந்து கிடாரை இறக்கச் சொல்லி வாசித்துவிட்டு, கடைக்குள் நின்றபடியே கைப்பேசியில் ஆர்டர் போடுவது அழகில்லை. இதில் இன்னொரு பிசகும் இருக்கிறது. மரத்தால் ஆன கருவியில் ஒரே மாடலின் இரண்டு துண்டுகள் ஒரே மாதிரி ஒலிக்காது. நீங்கள் வாசித்தது ஒன்று, வீட்டுக்கு வரப்போவது வேறு. இணைய விலையைக் காட்டிக் கடைக்காரரிடமே கேட்டுப் பாருங்கள். விலை குறையாவிட்டாலும் ஒரு செட் கம்பியும் ஒரு பையும் சேர்த்துத் தருவார்.

கேள்வி: டிஜிட்டல் பியானோவையும் தொட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டுமா?

அவ்வளவு அவசியமில்லை. இது மின்னணுச் சாதனம். ஒரே மாடலில் பத்து எடுத்தால் பத்தும் ஒன்றுதான். 88 கட்டை, நிஜப் பியானோவின் சுத்தியல் போலக் கனக்கும் விசை, பாதி மிதித்தாலும் உணரும் பெடல், இந்த மூன்றும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தைரியமாக ஆர்டர் போடலாம். விசையின் கனம் பிடிக்குமா என்பது மட்டும் தொட்டால்தான் தெரியும். அதே மாடலை வைத்திருக்கும் நண்பர் வீட்டில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும். கம்பி கட்டிய பழைய பியானோ வேறு சமாச்சாரம். அதைப் பியானோ சுருதி கூட்டும் ஒருவரைக் கூட்டிப்போய்க் காட்டாமல் வாங்கவே வாங்காதீர்கள். ட்யூனிங் ஆணிகள் தளர்ந்திருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் நஷ்டம்தான்.

கேள்வி: 7 வயது மகனுக்கு வயலின். ஆன்லைனில் மலிவாக, வில், பெட்டி, ரோசின் எல்லாம் சேர்த்துக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். குழந்தைகளுக்கான வயலின் கால், அரை, முக்கால் என்று அளவில் வருகிறது. கை நீள நீள மாற்ற வேண்டும். நீங்கள் வாங்குவது இரண்டு வருடத்தில் சின்னதாகிவிடும்.

தவிர, வயலின் கம்பிகளைத் தாங்கி நிற்கும் 'குதிரை' என்ற மரத்துண்டு ஒட்டப்பட்ட பாகமல்ல, கம்பியின் அழுத்தத்தில் மட்டுமே நிற்கிறது. உள்ளே இருக்கும் சவுண்டுபோஸ்ட் என்ற சிறு குச்சியும் அப்படித்தான். பார்சலில் பல சமயம் குதிரை சாய்ந்தோ, தனியாகவோதான் வரும். அதை வயலினின் வளைவுக்கு ஏற்பச் செதுக்கி நிறுத்துவது கைவேலை. கம்பியைத் தளர்த்திவிட்டு ஆட்டினால் குச்சியும் விழுந்துவிடும், அதை எடுத்து நிறுத்தத் தனிக் கருவியே உண்டு. மலிவுச் செட்டில் இந்த வேலை எதுவும் நடந்திருக்காது. கம்பியை முறுக்கும் பிருடைகள் வழுக்கும், சுருதி நிற்காது, பையன் தனக்குக் காது சரியில்லை என்று நினைத்துக்கொள்வான். வாடகைக்கு விடும் கடைகளில் பல, கட்டிய வாடகையில் ஒரு பகுதியைப் பின்னால் வாங்கும்போது கழித்துக்கொள்ளும். எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் கடை மூடப்போகிறது, 'எல்லாம் விற்றாக வேண்டும்' என்று பலகை வைத்திருக்கிறார்கள். ஓடிப்போய் வாங்கலாமா?

அதற்கு முன்னால் உங்களுடையது ஏதாவது அந்தக் கடைக்குள் இருக்கிறதா என்று யோசியுங்கள். ரிப்பேருக்குக் கொடுத்த கிடார், விற்றுத்தரச் சொல்லி வைத்த ஆம்ப்ளிஃபயர், செலவழிக்காத பரிசு அட்டை, முன்பணம். ரசீதோடு நாளைக்கே போய் மீட்டுக்கொள்ளுங்கள். கடை திவாலானால் பரிசு அட்டை வைத்திருப்பவர், கடைக்குக் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் பெரும்பாலும் பின்னால்தான் நிற்பார்.

விற்பனை விஷயத்தில் அவசரம் வேண்டாம். மூடும் கடையின் சரக்கைத் தீர்க்க வெளி நிறுவனம் ஒன்றை அமர்த்துவது வழக்கம். முதல் வாரத் தள்ளுபடி பெயருக்குத்தான் இருக்கும். பழைய விலையை ஏற்றிவிட்டுக் குறைத்துக் காட்டுகிறார்களா என்று இணையத்தில் ஒப்பிடுங்கள். இப்படி வாங்கியதைப் பெரும்பாலும் திருப்ப முடியாது, ஆகவே மேலே சொன்ன ஸ்கேல் சோதனையைக் கடையிலேயே செய்துவிடுங்கள். உத்தரவாதத்தைக் கடை தருகிறதா, தயாரிப்பாளர் தருகிறாரா என்றும் கேளுங்கள். கடையின் உத்தரவாதம் கடையோடு போய்விடும். மூடும் கடையின் பெயரிலேயே போலித் தளம் திறந்து பாதி விலைக்கு விற்பதாகப் பணம் பறிப்பவர்களும் உண்டு, நேரில் போய் வாங்குவதே பத்திரம்.

அங்கே போகும்போது இன்னொரு வேலையும் செய்யுங்கள். கடையின் பின்னறையில் உட்கார்ந்து கிடார் சரிசெய்துகொண்டிருந்தவர் இனி எங்கே வேலை செய்யப்போகிறார் என்று கேட்டு, அவருடைய கைப்பேசி எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.